சாத்தாத ஜன்னல்

போட்டோவா எடுக்கிய? எடுங்க, எடுங்க தங்கச்சி. கண்ணாடிய இறக்கட்டுமா? வேண்டாமா? மழத்தண்ணியோட எடுத்தாத்தான் நல்லாருக்கும்ங்கியளா?

அய்யய்யோ. நீங்களும் அப்படித்தானா!

இல்லம்மா, தப்பா ஒண்ணும் சொல்லல. ஸ்டேஷன்ல இருந்து கல்யாண வீட்டுக்குப் போறிய, வழியில பழைய கட்டடம் கண்ணுல படுது, எடுக்கிய. இதுல என்ன இருக்கு? போன மழைக்கி ஒருத்தர் இப்படித்தான், நீங்க இருக்க அதே சீட்டுல இருந்துக்கிட்டு, அதே கண்ணாடி வழியா எடுத்தாரு. அதுல இருந்துதான் இந்த ஊருல எனக்குக் கெட்ட பேரு. எடுத்தது அவரு. நான் வண்டி ஓட்டுனேன், அவ்வளவுதான். பழி பூராவும் என் தலையில. நியாயமான்னு நீங்களே சொல்லுங்க.

பாலத்துக்கடியில தண்ணி நிக்கும். அதனால பண்டகசாலைத் தெரு வழியாப் போயிருவோம். கொஞ்சம் சுத்துதான். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லல்லா? கல்யாணம் நாளைக்குத்தான? பொதுவா நான் அந்தத் தெருப்பக்கம் போறதே கிடையாது. இன்னைக்கி வேற வழியில்ல.

என் பேரு குரூஸ். தூத்துக்குடியில டிரைவர் குரூஸுன்னா தெரியாத ஆளு இருக்காது. மாதா கோயில் திருவிழாவா, பிரசவமா, ஏர்போர்ட்டா, குரூஸக் கூப்பிடும்பாவ. இப்ப என்ன சொல்லுதாவ தெரியுமா? இந்த வண்டி நின்ன வாசல் விளங்காதாம். போன வாரம் ஒரு வீட்டுல பிள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வண்டி கேட்டு, வாசல்ல என் வண்டியப் பாத்ததும் அந்தப் பிள்ளையோட மாமியா ஓடி வந்து, "இது வேண்டாம், ஆட்டோவுல போயிக்கிடுதோம்"ங்கா. வலியில துடிக்கிற பிள்ளைய ஆட்டோவுல ஏத்திட்டுப் போறாவ! 

அந்த ஆளு பேரு கிருபாநிதி. தங்கமான மனுசன். இப்பவும் சொல்லுதேன், யாரு கேட்டாலும் சொல்லுவேன், தங்கமான மனுசன். ஒரு நாளும் என்னைய டிரைவர்னு கூப்பிட்டது கிடையாது. "குரூஸ் அண்ணன்"ம்பாரு. டீ குடிச்சா எனக்கும் சேத்துத்தான் சொல்லுவாரு. எங்க வீட்டுக்காரிக்கு மூட்டு வலின்னு ஒரு தடவ வாய்தவறிச் சொல்லிட்டேன், மறுநாளே தைலம் வாங்கிட்டு வந்துட்டாரு. கோயம்புத்தூரு சொந்த ஊருன்னாரு. இன்னொரு தடவ மெட்ராசுன்னாரு. பெரிய மனுசங்களுக்கு ரெண்டு ஊரு இருக்கக் கூடாதா?

ஐப்பசியில வந்தாரு. வெயிலடிச்சா லாட்ஜ விட்டு அசைய மாட்டாரு. மேகம் கருக்க ஆரம்பிச்சா போனு வந்துரும். "அண்ணன், வண்டிய எடுங்க." மழ விழுறதுக்கு முன்னாலயே போயி, ஒரு பழைய வீட்டுக்கு எதுக்க நிப்பாட்டணும். இஞ்சின அமத்திரணும். கண்ணாடிய ஏத்திரணும். வைப்பரப் போடக் கூடாது. அப்படியே உக்காந்திருப்போம், ரெண்டு பேரும். மூச்சு விடுற சத்தம்தான் கேக்கும்.

மொத தூத்தல் விழும் பாருங்க, தெருவே ஓடும். கொடியில கிடக்க துணிய உருவுறதென்ன, மாடியில காயிற மிளகா வத்தல அள்ளுறதென்ன. வீடு வீடா ஜன்னல் படார் படார்னு சாத்தும். அவரு அப்ப கேமராவத் தொடவே மாட்டாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு. கண்ணாடி பூரா தண்ணி வழிஞ்சு, வெளிய இருக்கவங்களுக்கு உள்ள யாரு இருக்கான்னே தெரியாது பாத்துக்கிடுங்க. எல்லாம் சாத்தி முடிஞ்சு தெரு அடங்கினப்பறம், சாத்தாத ஜன்னல் எதுன்னு பாத்து அதத்தான் எடுப்பாரு.

ஒரு நாளு கேட்டுட்டேன், "ஏன் சார், வெயில்ல வந்து இறங்கி நின்னு எடுத்தா இன்னும் தெளிவா விழுமே?"ன்னு. அதுக்குச் சொன்னாரு: "அண்ணன், வெயில்ல எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும். மழையிலதான் ஒரு வீட்டுக்கு ஆளு இருக்கா இல்லையான்னு தெரியும். ஆளு இருந்தா ஒரு கை வரும், ஜன்னலச் சாத்தும். கை வராத வீடுதான் எனக்கு வேணும்." எனக்குப் புல்லரிச்சுப் போச்சு தங்கச்சி. எத்தன வருசமா இதே தெருவுல மழ பாக்கேன், நமக்கு இப்படித் தோணுச்சா? கலைஞன்னா கலைஞன்தான்.

எனக்கும் வாயி சும்மா இருக்காது. எங்க வீட்டுல தினமும் ஏசுவா, "உம்ம வாயில ஒரு பூட்டுப் போடணும்"னு. இது முத்து யாவாரி வீடு சார், பேரப்பிள்ளைய எல்லாம் கொழும்புலயும் கனடாவுலயும் இருக்காவ, அஞ்சு பேருக்குப் பங்கு, ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்த கிடையாது. இப்படிச் சொல்லிக்கிட்டே வருவேன். அவரும் ஆசையாக் கேப்பாரு. "சாவி யாருகிட்ட அண்ணன் இருக்கு? பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி?" வீட்டோட கத தெரிஞ்சாத்தான் போட்டோவுல உயிரு வரும்னு சொல்லுவாரு. நம்ம பேச்ச இந்த அளவுக்குக் காது கொடுத்துக் கேட்டது, சத்தியமாச் சொல்லுதேன், அவரு ஒருத்தர்தான்.

அந்த முத்து யாவாரி வீட்டுக்கு முன்னால நாலஞ்சு மழ நின்னோம். கிறிஸ்மஸ் கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறேன், வீடு இருக்கு. வெளியூருக்கு ஒரு சவாரி முடிச்சுட்டு ரெண்டு நாளு கழிச்சு வாரேன், வீடு இல்ல. தேக்குத் தூணு, கதவு, மாடியில இருந்த கலர் கண்ணாடி எல்லாம் லாரி ஏறிப் போச்சாம். எவனோ ஒரு பங்காளி வித்துட்டானாம். அதுக்கு நான் என்ன செய்வேன்?

அது கூடப் பரவால்ல. கம்பவுண்டர் விசயத்துலதான் என் பேரு நாறிப் போச்சு.

மச்சாதுன்னு ஒரு கம்பவுண்டர். சின்ன வயசுல எனக்கே ஊசி போட்ட மனுசன். சம்சாரம் இல்ல, பிள்ளையும் இல்ல. காது சுத்தமா அடச்சுப் போச்சு. கீழ் அறையில தனியாக் கிடந்தாரு. மாடிப்படி ஏற முடியாது, அதனால மாடி ஜன்னல் மழைக்கும் வெயிலுக்கும் திறந்தேதான் கிடக்கும். சாருக்கு அந்த வீட்டப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "கை வரலையே அண்ணன்"னாரு. "ஆளு இருக்காரு சார், காது கேக்காது. மழ பெய்யிறதே அவருக்குத் தெரியாது"ன்னேன். "அப்ப ஆளு இல்லாத மாதிரிதான்"னாரு. நானும் சிரிச்சேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான?

தை மாசம். ஒரு பொட்டு மழ கிடையாது. கம்பவுண்டர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்காரு, தலமாட்டுச் சுவரு அப்படியே விழுந்துட்டு. ஐப்பசி, கார்த்திகை பூரா நனைஞ்சு நின்ன சுவரு, தை வெயில்ல விழுந்துருக்கு. பழைய சுவருதானம்மா, விழத்தான செய்யும்? போலீசும் அதத்தான் சொன்னாவ. பின்பக்கம் கடப்பாரைத் தடம் கிடந்துச்சுன்னு எவனோ ஒரு கோட்டிக்காரன் கிளப்பி விட்டுட்டான்.

அடக்கத்துக்கு நான் மாலையோட போனேன். நல்ல மாலை, சம்பங்கி. கம்பவுண்டரோட அண்ணன் மக, என்னையப் பாத்ததும் எந்திரிச்சா. "இந்த வண்டிதான் மழ பெய்யும்போதெல்லாம் எங்க சித்தப்பா வீட்டுக்கு எதுக்க நின்னுச்சு. கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ள யாருலே இருந்தது?"ன்னு, அத்தன பேரு முன்னாலயும். மாலையப் போடவே விடல. மாலைய மறுபடியும் வண்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டுட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரி வாசல்லயே நின்னு, "செத்த வீட்டு மாலைய எதுக்குத் திருப்பிக் கொண்டுட்டு வாரீரு"ன்னு கத்துதா. அன்னைக்கி எனக்கு அழுகையே வந்துட்டு தங்கச்சி. ஒரு பாவமும் அறியாதவனுக்கு இப்படி ஒரு அவமானம் வரணுமா?

 சரி, கேளுங்க.

ஊரு பேசுறதக் கூட மறந்துரலாம். எங்க அக்காவும் அப்படிப் பேசுனா?

செலஸ்தீனா அக்கா. கான்வென்ட்ல தையல் டீச்சரா இருந்தாவ. எங்கம்மா செத்தப்ப என் தம்பிக்குப் பால்குடி மறக்கல. அக்காதான் தூக்கி வளத்தது. எனக்கும் தம்பி ரெமிக்கும் சோறாக்கிப் போட்டு, எங்கள ஆளாக்கி விட்டு, அது கல்யாணமே கட்டாம நின்னுட்டு. தம்பி மஸ்கட்டுல இருக்கான். நான் மாமனாரு வீட்டோட வந்துட்டேன். எங்க அப்பா கட்டுன வீட்டுல அக்கா மட்டும் இருக்கு. பண்டகசாலைத் தெருதான். போற வழியில காட்டுதேன்.

கார்த்திகையில ஒரு செவ்வாக்கிழம, நானாத்தான் சாரக் கூட்டிட்டுப் போனேன். "சார், எல்லா வீட்டையும் எடுக்கிய, எங்க வீட்டையும் ஒண்ணு எடுங்க"ன்னு. மழ வந்துச்சு. எதுத்த வீடு, பக்கத்து வீடு எல்லாம் சாத்தியாச்சு. எங்க வீட்டு ஜன்னல் மட்டும் அடிச்சுக்கிட்டுக் கிடக்கு. "ஆளு இல்லையா?"ன்னாரு. "செவ்வாக்கிழம அக்கா அந்தோணியார் கோயில் நவநாள் பூசைக்குப் போயிரும் சார், வர ரெண்டு மணி நேரம் ஆவும்"ன்னேன். சொல்லிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு மனசு கேக்கல. ஜன்னலுக்குப் பக்கத்துலதான் அக்காவோட தையல் மிசினு. மழத்தண்ணி நேரா அதுலதான் அடிக்கும். இறங்கி ஓடுனேன். அந்த ஜன்னல் கொக்கி ஒடிஞ்சு கிடக்கு பாத்துக்கிடுங்க, வெளிய நின்னே கம்பிக்குள்ள கைய விட்டுத் தள்ளிரலாம், பக்கத்துல இருக்க கதவுத் தாப்பாளையும் எட்டிரலாம். எங்க வீட்டு ஆளுகளுக்கு மட்டும்தான் தெரியும். சாத்திட்டு நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்தேன். "என்ன சார் செய்ய, நம்ம வீடாச்சே"ன்னேன். "அருமையான படம் அண்ணன்"னாரு. நான் சாத்துறதத்தான் எடுத்திருக்காரு!

இந்தா, முன்னால ஒட்டியிருக்கேன் பாருங்க, மாதா படத்துக்குப் பக்கத்துல. அவரே பிரிண்டு போட்டுக் கொடுத்தது. தெளிவா இருக்காது, தண்ணி வழியுதுல்லா. அந்தக் கறுப்பா நிக்கது நான்தான். கை தெரியுதா? கம்பிக்குள்ள போயிருக்கு பாருங்க. இப்படி ஒருத்தரு என்னையப் படம் எடுத்து, பிரிண்டும் போட்டுக் கொடுத்தது, வாழ்க்கையில இது ஒண்ணுதான்.

அதே படத்த தம்பிக்கும் போன்ல அனுப்பி வைக்கேன்னாரு. வெளிநாட்டுல கிடக்கவன், வீட்டப் பாத்தா சந்தோசப்படுவான்லா? தம்பி நம்பரக் கொடுத்தேன்.

ஈஸ்டர் முடிஞ்சு நாலு தடியனுவ வந்து வீட்டு முன்னறையில பூட்டுப் போட்டானுவ. ரெமி அவன் பங்க எவனுக்கோ பவர் எழுதிக் கொடுத்துட்டானாம். போன் போட்டா எடுக்க மாட்டங்கான். அந்தப் பயலுவ முன்னறையில உக்காந்து சீட்டு விளையாடுறதும், குடிக்கிறதும், எங்க அக்கா நடமாடுற வீட்டுல! "எங்க பங்கத்தான் கழட்டுதோம்"னு பின்பக்க ஓட்ட ஒவ்வொண்ணா உருவுதானுவ. நீயும் எழுதிக் கொடு, இல்லன்னா மழ வரட்டும், சுவரு என்னைக்கும் நிக்குமா பாட்டின்னு கேட்டிருக்கானுவ. அக்கா பயந்த ஆளு கிடையாது. "என் பொணம்தாம்லே இந்த வாசலத் தாண்டும்"னுட்டு.

அதுக்கடுத்த செவ்வாக்கிழம அக்கா நவநாளுக்குப் போயிட்டு வந்து பாத்தா, தையல் மிசினு, பீரோ, அப்பா படம் எல்லாம் தெருவுல கிடக்கு. கதவு உடையல, பூட்டு உடையல. அக்கா இருக்க அறையோட ஜன்னல் வழியாக் கைய விட்டுத் தாப்பாளத் திறந்திருக்கானுவ.

நான் ஓடிப் போனேன். அக்கா தெருவுல, மிசினு மேல கைய வச்சுக்கிட்டு நிக்கி. அழல. என்னையப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "கொக்கி ஒடிஞ்சது அவனுவளுக்கு எப்படிலே தெரியும்?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"னேன். அது நெசந்தான? நான் அந்தத் தடியனுவ மூஞ்சியவே அன்னைக்கித்தான் பாக்கேன். அவனுவகிட்ட நான் ஒரு வார்த்த பேசிருப்பேனா? கிருபாநிதி சாருக்கும் இவனுவளுக்கும் என்ன சம்பந்தம்? அவரு போட்டோ எடுக்கிற ஆளு. மார்கழியிலயே ஊருக்குப் போயிட்டாரு. அவரக் கேட்டா சொல்லுவாரு. நம்பரு இப்ப உபயோகத்துல இல்லைன்னு வருது, இல்லன்னா உங்க முன்னாலயே போட்டுக் கேட்டுருவேன்.

அக்கா மிசின வாசலுக்குள்ள இழுத்துப் போட்டுச்சு. பெறவு, "இனிமே இந்தப் படிய மிதிக்காத குரூசு"ன்னுட்டு உள்ள போயிட்டு. எனக்கும் ரோசம் வந்துட்டு. "மிதிக்க மாட்டேன், நீ செத்தாலும் மிதிக்க மாட்டேன்"னு தெருவுல நின்னு கத்திட்டு வந்துட்டேன். பின்ன என்ன? வளத்த அக்கான்னா என்ன வேணும்னாலும் நினைக்கலாமா? எங்க வீட்டுக்காரி மீன் குழம்பு கொடுத்து விட்டா, பாத்திரத்தத் தொறக்காமலே திருப்பி அனுப்புது.

அதுல இருந்து அக்கா கோயிலுக்கும் போறதில்ல, கடைக்கும் போறதில்ல. அந்த ஜன்னலுக்குக் கீழயே கட்டில இழுத்துப் போட்டுக்கிட்டு காவலுக்குப் படுத்துருக்கு. பகல்ல காத்துக்குத் திறந்து வச்சிருக்கும். நாலு தூத்தல் விழுந்தாப் போதும், கை வந்துரும். வளையல் போடாத கை. டக்குன்னு சாத்திரும்.

எனக்கு எப்படித் தெரியுமா? எதுக்க ஒரு டீக்கட இருக்குல்லா. இல்ல, அடிக்கடி வாரதில்ல. மழ வந்தா மட்டும், சவாரி இல்லன்னா, இப்படி ஒரு சுத்து. கை வந்து சாத்துதான்னு பாத்துட்டுப் போயிருவேன். கை வந்துட்டுன்னா அன்னைக்கித் தூக்கம் வரும். வேற ஒண்ணும் இல்ல.

நேத்தும் முந்தாநாளும் திருச்செந்தூரு சவாரி. வர முடியல.

ஆமாம்மா, பாலத்துக்கடியில தண்ணி... நிக்கும்னுதான் நினைக்கேன். நான் பாக்கல. நிக்கும், இவ்வளவு மழ பெய்யுதே. கோவிச்சுக்கிடாதிய, இந்த ஒரு தெருதான். இந்தா வந்துட்டு.

அந்தா, அந்த நீல ஜன்னல் வீடு. தெரியுதா? நீங்க வேணும்னா ஒரு படம் எடுத்துக்கிடுங்க. ஒரு நிமிசம் நிப்பாட்டுதேன். கை வரும், சாத்தும், போயிருவோம்.

பின்பக்கம் ஓடே இல்லாம ஆக்கிட்டானுவளே பாவிப்பயலுவ. சவத்து மூதிய. முன்னறைப் பூட்ட எங்க காணோம்? எப்பவும் வாசல்ல மூணு பைக்கு நிக்குமே, அதையும் காணோம். போயிட்டானுவளோ? நல்லதாப் போச்சு. தொலைஞ்சானுவ.

ஜன்னல் அடிக்கி பாத்தியளா. காத்துல்லா. இப்ப வரும்.

இன்னைக்கி என்ன கிழம? வெள்ளிதான? வெள்ளிக்கிழம அக்கா எங்கயும் போகாது. இப்பதான் செவ்வாக்கிழமையே போகாதே. தூங்குதோ என்னமோ. தூங்குனாலும் மழ சத்தத்துக்கு முழிச்சிரும். மேல இவ்வளவு தண்ணி அடிச்சா யாருக்கும் முழிப்பு வரும். கட்டில் ஜன்னலுக்கு நேர்கீழ கிடக்கு, மழ பூரா அதுலதான் அடிக்கும்.

தங்கச்சி, உங்க கண்ணு நல்ல கண்ணு, கொஞ்சம் பாருங்க. கண்ணாடியில தண்ணி வழியுது, எனக்குச் சரியாத் தெரிய மாட்டங்கு. ஏதாச்சும் அசையுதா? திரையா? அது திரச்சீலதான். கை தெரியுதா?

ஹாரன் அடிக்கேன். என் ஹாரன் அக்காவுக்குத் தெரியும். கோவத்துலயாவது வந்து சாத்தும். படார்னு என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்தும், பாருங்க.

...

எதுத்த வீட்டுல எல்லாம் சாத்தியாச்சு. டீக்கடைக்காரன் ஏன் என்னையே பாக்கான்? ஏன் எந்திரிச்சு வாரான்?

போனக் கீழ வைங்கம்மா. எடுக்காதிய. எடுக்காதியன்னு சொல்லுதேன்லா! யாராவது வந்து சாத்தட்டும், அப்புறம் எடுங்க. எத்தன வேணும்னாலும் எடுங்க, நானே நிப்பாட்டித் தாரேன். இப்ப வேண்டாம்.

எம்மா, மாதாவே. நான் படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன். மிதிக்க வேண்டாம், ஜன்னல் வழியாவே பாத்துரலாம். நீங்க வண்டியிலயே இருங்க, சாவி இதுலயே கிடக்கட்டும்.

அக்கா! ஏ அக்கா! நான்தான், குரூசு! உள்ள வரலக்கா, வெளியதான் நிக்கேன்! ஜன்னலச் சாத்த வேண்டாம்க்கா, நானே சாத்திருதேன். நீ கைய மட்டும் காட்டு!